கடைசிக் கட்டை

"உங்க நாய் சரியான மரமண்டைங்க!" என்றார், பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தபால்காரர், மதில்மேல் கையூன்றியபடி.

தோட்டத்தில் அந்த நாய், கடுகு, கால் தரையில் படாமல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கை காட்டினால் போதும், குழாய்க்குள் நுழைந்து வெளியே வந்தது. நட்ட குச்சிகளுக்கு நடுவே வளைந்து பாய்ந்தது. கடைசிக் குறுக்குக்கட்டைக்கு முன்னால் மட்டும் நின்று அவர் முகத்தையே பார்த்தது. அவர் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். அது அசையவில்லை.

"குடிவந்த நாள்லேருந்து பாக்கறேன். முழங்கால் உயரம்கூட இல்ல, தாண்ட மாட்டேங்குதே!"

"தாண்டும்ண்ணே," என்ற வீட்டுக்காரரின் மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "இன்னொரு தடவைங்க."

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். பத்தாவது முறை, பதினோராவது முறை. தபால்காரர் சலித்துப்போய் உள்ளே போகத் திரும்பியபோது, பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"தாவு!"

கடுகு கட்டைக்கு மேலே பறந்தது. மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

"அப்பாடா, ஒருவழியா கத்துக்கிச்சு!" என்றார் தபால்காரர்.

"அது ரெண்டே நாள்ல கத்துக்கிச்சுண்ணே. சொல் தெளிவா வந்தாத்தான் தாண்டணும்னு நான்தான் பழக்கி வெச்சேன். பக்கவாதத்துல பேச்சு போனதுக்கப்புறம், இவர் பேசின முதல் வார்த்தை இது."