மாலை போடாத போட்டோ

அவள் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது போட்டோவுக்கு மாலை போட்டிருந்தார்கள்.

மல்லிகை மாலை. பிளாஸ்டிக். ஸ்கார்பரோ குளிரில் நிஜப் பூவுக்கு எங்கே போவது?

"தம்பி, அதைக் கழட்டுங்கோ."

இயக்குநர் சஜீவன் ஓடி வந்தான். கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவன். நல்ல பிள்ளைதான். சண்டையில் மகனைப் பறிகொடுத்த தாயாக நடிக்க, ஊர்ப்பேச்சு மாறாத ஒருத்தி வேண்டுமென்று கோயிலில் தேடி அவளைப் பிடித்தவன். சுவரில் மாட்ட உண்மையான போட்டோ ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டவனும் அவன்தான்.

மகன் துசியின் போட்டோவைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தாள். படம் உலகமெல்லாம் ஓடும் என்றானே. எங்கேயாவது ஒருத்தர், இந்தப் பொடியனைக் கண்டிருக்கிறேன் என்று சொல்லமாட்டாரா? அவனே பார்த்துவிட்டால்?

பதினைந்து வருடம். சண்டை முடிந்த கையோடு, முகாம் வாசலில் ஆமிக்காரர் அவன் பெயரைப் பதிந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதோடு சரி. செத்த வீடு இல்லை. எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவு இல்லை. அவள் விடவில்லை. கூடப்பிறந்த தங்கை ஒருநாள் அந்தப் போட்டோவுக்குப் பூ வைக்கப் போனாள். இவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சில்லை.

"செத்த ஆக்களுக்குத்தான் மாலை போடுறது, தம்பி. என்ர பிள்ளை சாகேல்லை."

"ஐயோ, படத்திலதானே அன்ரி. மாலை இல்லாட்டி மகன் செத்தது சனத்துக்கு விளங்காது. எங்கட கதையை நாங்களாவது சரியாக் காட்ட வேணும்."

சரியாகவாம்!

போட்டோவைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் துசியின் முகத்தை யார் காண்பது? இன்னும் எத்தனை காலம் அவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டிருப்பது?

கிட்டப் போனாள். முகம் மறையாதபடி மாலையை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டாள்.

அழச் சொன்னார்கள். அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை.

எட்டு மாதம் கழித்துத் தியேட்டரில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அந்த இடம் வந்தது. திரை முழுக்க அவள் முகம். ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. மூக்கு வழிந்ததுகூடத் தெரிந்தது.

பின்னால் சுவர் மங்கலாக இருந்தது. சுவரில் ஒரு சட்டம். உள்ளே இருப்பது யாரென்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு மாலை மட்டும்.

பின்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். "அச்சொட்டா எங்கட வீடு மாதிரியே எடுத்திருக்கினம்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

அவள் மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள்.

தங்கையைத் தட்டிவிட்ட கை.