அழத் தெரிந்தவள்

இன்னும் கொஞ்சம் என்று கொளஞ்சியப்பன் கண்ணாலேயே சாடை காட்டினார். பூமணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த அம்மாக்கள் மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது. கொளஞ்சியப்பனுக்கு உச்சி குளிர்ந்தது.

பெரம்பலூரில் போர்டு மாட்டித் தொண்டு செய்கிறவர் அவர். அகதிகளுக்குத் தொண்டு. ஒருமுறை முகாமுக்குத் தையல் மெஷின் கொண்டுவந்தார். போட்டோ எடுத்து முடிந்ததும் அது வந்த வேனிலேயே திரும்பிப் போய்விட்டது.

இந்தத் தடவை தகரம்.

இந்த அம்மாக்கள் மனசு வைத்தால் ஐப்பசி மழைக்கு முன்னால் முகாமில் எல்லாக் கூரைக்கும் தகரம். இல்லையென்றால் போன வருஷம் மாதிரி பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு ஒழுகாத மூலை தேடிக் குந்தியிருக்க வேண்டியதுதான்.

தவமலர் அடுப்பண்டை தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள். காது மட்டும் அங்கே இருந்தது.

இந்தியா வந்துவிட்டது என்று படகோட்டி நடுக்கடல் மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனதைப் பூமணி சொன்னாள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் வெயிலில் கிடந்ததைச் சொன்னாள். அதுவரை சரி. அப்புறம் பிள்ளை சாகிறபோது தண்ணி தண்ணி என்று கதறியதாகவும், கையெடுத்துக் கும்பிட்டதாகவும் இழுத்தாள்.

கதறியதாம். கும்பிட்டதாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப்போன பிள்ளை எங்கே கதறும்? இந்த வெட்கங்கெட்ட கூத்தைக் கேட்டு மூக்கைச் சிந்துவதற்கு மெட்ராஸிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வேறு வந்திருக்கிறார்கள். தவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனாலும் தகரம் வேண்டுமே. வாயை மூடிக்கொண்டு டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள்.

அவள் தட்டோடு வரும்போதுதான் கண்ணாடி போட்ட அம்மா கேட்டாள்.

“பிள்ளை பேர் என்னம்மா?”

பூமணியின் அழுகை நின்றுபோனது. கதையை வாங்கிக்கொண்டவர்கள் பேரைக் கேட்டுவைக்க மறந்திருந்தார்கள். அவளுக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். செத்த பிள்ளைக்கு அவர்கள் பேரில் ஒன்றைச் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்?

கொளஞ்சியப்பனுக்கு முகம் வெளுத்தது. அம்மாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தகரம் கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

“தர்சினி,” என்றாள் தவமலர்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“பக்கத்து வூட்டுக்காரங்க மேடம், புள்ளைய நல்லா தெரியும்,” என்றார் கொளஞ்சியப்பன் அவசர அவசரமாக.

கண்ணாடி போட்ட அம்மா பேரை எழுதிக்கொண்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு, டீயில் சர்க்கரை தூக்கல் என்றாள். பூமணி விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள்.

பெற்றவள்தானே என்று போன வாரம் முதலில் தவமலரைத்தான் சொல்லிப் பார்க்கச் சொன்னார் கொளஞ்சியப்பன். நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, இது எடுபடாது என்று கதையைப் பூமணிக்குக் கொடுத்துவிட்டார்.