அந்தமானில் நாலு யானை

"பிளேன்ல ஏழு மணி நேரம் எப்படி அண்ணாச்சி பொழுதைப் போக்குனீக?"

மெஹர் பானு இப்படிக் கேட்டதும், எதிர்ச் சாயாக்கடைக்காரன் கடற்கரை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

குற்றாலம் பேரருவிக்குப் போகிற வழியில் ஆவுடையப்பன் மங்குஸ்தான் பழக்கடை போட்டிருந்தார். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் எட்டு வருஷம் மூட்டை தூக்கிவிட்டுத் திரும்பியவர். திரும்பி வந்தது பிளேனில் என்று சீசனுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அந்தப் பேச்சு தென்காசி வரைக்கும் போயிருந்தது. அதை நம்பித்தான் ஜைனப் தன் தங்கை மெஹர் பானுவை பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தாள். இது நடந்தது அறுபத்தொன்றாம் வருஷம்.

"இவ மாப்பிள சிங்கப்பூர்ல மாடிப்படியில விழுந்து ரெண்டு காலும் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்காரு" என்றாள் ஜைனப். "கப்பலுக்கு இன்னும் இருவது நாள் கெடக்கு. அவரு வேல பாக்குற கடை மொதலாளி பிளேன் டிக்கெட்டே எடுத்து அனுப்பிட்டாரு. இவ ஏறமாட்டேன்னு மூணு நாளா அழுதுகிட்டு இருக்கா. கூடப் போற மாமனாருக்குக் காது கேக்காது. நீங்கதான் அண்ணாச்சி ஒரு வழி சொல்லணும்."

மெஹர் பானு முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே சொன்னாள். "விழுந்துருமோன்னு ஒரு தடவை நெனப்பு வந்துட்டா, அப்புறம் ஏழு மணி நேரமும் அதேதான வரும்?"

ஆவுடையப்பன் அந்த முறுக்கிய முந்தானையைப் பார்த்தார்.

"நெனக்க ஏதும்மா நேரம்? சும்மா இருக்க விட்டாத்தான? ஏறி ஒக்காந்ததும் மணி அடிப்பான். அதுலேருந்து அரை மணிக்கு ஒருக்கா மணி. நீ எண்ணிக்கிட்டே வரணும். மூணாவது மணிக்கு மேகத்துக்குள்ள போவும். நம்ம குத்தாலத்துச் சாரல் கணக்கா மூஞ்சில குளுகுளுன்னு அடிக்கும். முக்காட்ட இழுத்து விட்டுக்க."

"பொறவு?"

"பொறவு எதுத்தாப்புல ஒரு பிளேன் வரும். வேகத்தக் கொறச்சு ரெண்டு டிரைவரும் கைய ஆட்டிக்குவாங்க. நீயும் ஆட்டணும். இல்லைன்னா மரியாதையா இருக்காது. அதுக்கடுத்து அந்தமான் தீவு. தென்னந்தோப்புக்கு மேலேயே தாழப் பறப்பான். ஓடையில யானை குளிக்கிறது தெரியும்."

மெஹர் பானு முந்தானையை விட்டுவிட்டாள்.

"எத்தன யானை அண்ணாச்சி?"

"நான் வரும்போது நாலு நின்னுச்சு."

அவர்கள் பஸ் ஏறியதும் கடற்கரை ரோட்டைத் தாண்டி வந்தான்.

"என்ன வே இது? நீரு கப்பல்ல நாகப்பட்டினத்துல வந்து எறங்கினதுக்கு என் மச்சினன் சாட்சி. அவனும் அதே கப்பல்ல வந்தவன். சீசன்காரங்ககிட்ட அளந்துட்டுப் போரும், நான் கேக்கல. பயந்து கெடக்குற பிள்ளைகிட்டயா? ஒண்ணும் இல்லைன்னு நடுவானத்துல தெரிஞ்சா அது என்ன பாடு படும்?"

ஆவுடையப்பன் குனிந்து பழங்களைப் பொறுக்கி அடுக்கினார்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் பிளேன் கதை சொல்லவில்லை. மெஹர் பானு புறப்பட்ட வெள்ளிக்கிழமை கடையே திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஜைனப் வந்தாள். கையில் நீல நிறத்தில் ஏர்மெயில் கடிதம்.

ஆவுடையப்பன் எழுந்து நின்றார். கேட்கவும் பயமாக இருந்தது. அதற்குள் கடற்கரை வந்துவிட்டான்.

"சிங்கப்பூர்க் கடுதாசியா? சத்தமாப் படிம்மா. பிளேன் எப்படி இருந்துச்சுன்னு நானும் தெரிஞ்சுக்கிடுதேன்."

ஜைனப் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். பிறகு கடிதத்தைப் பிரித்து, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் படித்தாள்.

"சுகமா வந்து சேந்தோம். அவுக இப்ப எந்திச்சு ஒக்காருதாக. என்னயப் பாத்த பொறவு ரெண்டு வாய் கூடச் சாப்பிடுதாக. பிளேன்ல அண்ணாச்சி சொன்னது அத்தனையும் நடந்துச்சு. அரை மணிக்கு ஒருக்கா மணி அடிச்சான். சாரல்ல என் முக்காடு நனஞ்சுட்டு. எதுத்த பிளேனுக்குக் கை ஆட்டினேன். அந்தமான்ல யானை நாலு இல்ல, அஞ்சு நின்னுச்சு."

கடற்கரை தலையைச் சொறிந்தான். "என் மச்சினன் வேற யாரையோ பாத்துட்டுச் சொல்லியிருக்கான் போல. மனசுல வச்சுக்காதீரும் அண்ணாச்சி. இருங்க, ரெண்டு பேருக்கும் சாயா போட்டுக் கொண்டாறேன்" என்று கடைக்குப் போனான்.

ஆவுடையப்பனுக்குத் தலை நிமிரவில்லை.

"அஞ்சு யானையாம்மா?" என்றார் மெதுவாக.

ஜைனப் கடிதத்தை அவரிடம் நீட்டினாள். "இது ஒங்களுக்கு எழுதினது அண்ணாச்சி. நீங்களே படிங்க."

அவர் வாங்கிப் பிரித்தார்.

'அண்ணாச்சிக்கு சலாம். அவுக சுகம். மணி அடிக்கல. சாரல் அடிக்கல. யானையும் வரல. இது இல்லைன்னா அடுத்தது வரும், அடுத்தது வரும்னு சன்னல்லயே கண்ணா இருந்தேன். பிளேன் நின்னு, எல்லாரையும் எறங்கச் சொன்ன பொறவுதான் எனக்கு ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. நீங்க பிளேன்ல ஏறினதே இல்ல. நானும் வழியெல்லாம் பயப்படவே இல்ல.'