ஒரு பெட்டிக்குத்தான் இடம்

"அந்தக் கனமான கோட்டையும் எடுத்துக்க கிளெனிஸ். மலைக்கு அந்தப் பக்கம் மழை விடவே விடாது" என்றான் ரஸல். என்றைக்கும் இல்லாத அக்கறை.

பெட்டியை வைத்துக் கோட்டை அமுக்கியதும் காரின் பின்பக்கம் நிறைந்துவிட்டது. அறுபது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு வாங்கிய சிவப்புக் கார். இரண்டே இருக்கை. ஏறி உட்கார்ந்தால் தரையில் குந்தியிருப்பது போல இருக்கும்.

"உன் பெட்டி எங்கே?"

"எனக்கு எதுக்கு? உன்னுதே இடத்தை அடைச்சிருச்சு."

கிளெனிஸின் அக்காள் நோலீன் வீட்டில் தங்கப் போகும் மூன்று நாளும் ஒரே சட்டையோடு திரியப் போகிறான் என்று அவள் முகத்தைச் சுளித்தாள். மானம் போகும். போகட்டும், இனிமேல் அது அவன் மானம் மட்டும்தான்.

ஏனென்றால் அவள் முடிவு செய்துவிட்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் இவனோடு குப்பை கொட்டியாயிற்று. மலை உச்சியில், எல்லோரும் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கும் இடத்தில் சொல்லிவிட வேண்டும். நோலீன் வீட்டில் மூன்று நாள் அழுது தீர்க்கட்டும். பிறகு கார் அவனுக்கு, கிறைஸ்ட்சர்ச் வீடு அவளுக்கு. கொல்லையில் இருக்கும் எலுமிச்சை மரம்கூட அவள் கையால் வைத்தது. அந்த வீட்டை மட்டும் அவள் விடுவதாக இல்லை.

சமவெளி முடிந்து ஏற்றம் தொடங்கியதும் ரஸல் தோல் கையுறைகளை மாட்டிக்கொண்டு தொப்பியைச் சரி செய்தான். ஒவ்வொரு வளைவுக்கும் கியரைக் குறைத்து எஞ்சினை உறும விட்டான். உறுமலில் பாதி வேகம்கூட வண்டியில் இல்லை. பின்னால் வந்த பால் லாரி பொறுத்துப் பார்த்துவிட்டு முந்திப் போனது. அதன் சக்கரம் ரஸலின் காதுக்கு நேராகச் சுழன்றது.

"பால் வண்டிக்கெல்லாம் வழி விட வேண்டியதா இருக்கு."

"இந்த ரோட்டை ரசிச்சு ஓட்டணும் கிளெனிஸ்."

"நத்தையும் ரசிச்சுக்கிட்டுத்தான் போகுது."

எதிரே அதே மாதிரி தாழ்வான கார் ஒன்று வந்தது. அதிலும் ஒரு தொப்பி, ஒரு நரைத்த மீசை. இருவரும் விளக்கை மினுக்கிக் கையைத் தூக்கிக்கொண்டார்கள்.

"யாரு அது?"

"தெரியாது. இந்த மாதிரி கார் வச்சிருக்கிறவங்க இப்படித்தான்."

"கிழட்டுப் பசங்க சங்கம்" என்றாள். ரஸல் அதற்கும் சிரித்தான். திட்டுவதைக்கூடப் பாராட்டாக எடுத்துக்கொள்கிற ஆளை என்ன செய்வது?

உச்சியில் நிறுத்தினான். இறங்குவது தனிக் கூத்து. முதலில் ஒரு கால், பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு முக்கல், பிறகு இன்னொரு கால். பக்கத்து வேனில் வந்த குடும்பம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்தது. இவனோடா இத்தனை காலம் ஓட்டினோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ரஸல், இனிமே நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்து வராது. கார் உனக்கு, வீடு எனக்கு. நான் முடிவு பண்ணிட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, மலைக்கிளி ஒன்று காரின் துணிக்கூரையில் இறங்கி ஓரத்து ரப்பரைப் பிய்க்கத் தொடங்கியது. ரஸல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதை விரட்ட ஓடினான். பெண்டாட்டி போகிறேன் என்கிறாள், இவனுக்கு ரப்பர் பெரிதாகப் போய்விட்டது.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "நெஜமாத்தான் சொல்றியா?"

"நெஜமாத்தான்."

"மனசு மாறிட மாட்டியே?"

"மாட்டேன். கெஞ்சாதே."

"சரி" என்றான். அவ்வளவுதான். சண்டை போடக்கூட முதுகெலும்பு இல்லாத ஜன்மம் என்று அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. நோலீன் இருக்கும் ஹோகிடிகா ஊர் வரும்வரை ரஸல் ஏதோ மெட்டைச் சீட்டியடித்தபடியே ஓட்டினான். துக்கத்தை மறைக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ராத்திரி கூடத்து சோபாவில் படுக்க நோலீனிடம் ஒரு போர்வை கேட்டு வாங்கிக் கொடுத்தால் போதும், அதற்கு மேல் கரிசனம் காட்டினால் ஒட்டிக்கொள்வான்.

நோலீன் குடையோடு வாசலிலேயே காத்திருந்தாள். ரஸல் எஞ்சினை அணைக்காமல் இறங்கி, பெட்டியையும் கோட்டையும் நனையாத இடமாகப் பார்த்து வைத்தான். பிறகு முக்கி முனகி மறுபடி காருக்குள் நுழைந்துகொண்டான்.

காரைத் திருப்பி ஓரமாக நிறுத்தப் போகிறான் என்று கிளெனிஸ் நினைத்தாள். திருப்பத்தான் செய்தான். இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, வந்த வழியே மலையைப் பார்த்துக் கிளம்பினான். பால் லாரி தோற்கும் வேகம்.

நோலீன் தங்கையை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"மனசை விடாதே கிளெனிஸ். உன் மீதிச் சாமானெல்லாம் செவ்வாய்க்கிழமை லாரியில வந்துரும்னு ரஸல் போன வாரமே போன்ல சொல்லிட்டான்."