பார்க்குக்கு ஒரு கையெழுத்து

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா, டெய்லர்?" டீச்சர் கேட்டேவிட்டார்.

பார்க்குக்கான மனுவில் தெருவே கையெழுத்துப் போட்டாயிற்று. பாக்கி இந்த ஒரு மனிதர்தான். இத்தனைக்கும் கடை பார்க்குக்கு நேர் எதிரே.

பார்க் என்பது பெயருக்குத்தான். ஊஞ்சலில் சங்கிலி மட்டும் தொங்கியது. சறுக்குமரத்தை முள்செடி மூடியிருந்தது. கேட்டுக்குப் பூட்டு உண்டு. சாவி யாரிடம் என்பது நகராட்சிக்கே மறந்துபோயிருந்தது.

"என் பேத்தி விளையாட இடமில்லாம மொட்டை மாடியில ஓடுது. கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். தினமும் எனக்கு உயிர் போய் உயிர் வருது."

"பார்க் வேணாம்னு நானும் சொல்லலையே டீச்சர். மனுவைப் படிக்கணும்னுதான் சொல்றேன். செயலாளர் சார் வெறும் கையெழுத்துத் தாளைத்தான் நீட்டுறார்."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு சிரித்தார்.

"படிச்சவங்க நாப்பது பேர் பேசாம போட்டாங்க. இவர் மட்டும் படிச்சாகணுமாம்."

"எங்கண்ணன் நீட்டுன பேப்பரைப் படிக்காம போட்டுத்தான் சார் என் பாதிக் கடை போச்சு." டெய்லர் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னார்.

"அதுக்காக எல்லாரையும் சந்தேகப்படுறதா? சங்கத்துல இனிமே யாரும் உங்ககிட்ட துணி தரமாட்டாங்க. பார்த்துக்கோங்க," என்றார் செயலாளர்.

டெய்லரின் ஊசி ஒரு நொடி நின்றது. இருக்கிற பாதிக் கடையும் அந்தத் தெருவை நம்பித்தான். ஆனாலும் பேனாவைத் தொடவில்லை.

டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

"நானே படிச்சுக் காட்டுறேன். அப்பவாவது போடுவீங்களா?"

"கண்டிப்பா போடுறேன் டீச்சர்."

"எதுக்கு டீச்சர் உங்களுக்குச் சிரமம்..." என்று செயலாளர் இழுப்பதற்குள் டீச்சர் ஃபைலை உருவிவிட்டார்.

கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில் படிக்க ஆரம்பித்தார்.

"ஐயா, எங்கள் தெருவில் பல ஆண்டுகளாகப் பயனற்றுக் கிடக்கும் பூங்காவை அகற்றிவிட்டு, அந்த இடத்தைச் சங்க உறுப்பினர்களின் கார்களை நிறுத்த..."

ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்திச் செயலாளரைப் பார்த்தார்.

"பார்க்குக்குன்னு சொல்லித்தானே சார் கையெழுத்து வாங்கினீங்க?"

"நான் பொய் சொல்லலையே டீச்சர்," என்றார் செயலாளர். "கார் பார்க்கும் பார்க்தானே."

டீச்சர் அடுத்த தாளைப் புரட்டினார்.

நாற்பது கையெழுத்தில் முதல் கையெழுத்து, முத்து முத்தான எழுத்தில், அவருடையதுதான்.