மேசைமேல் இரண்டு ஸ்பூன்கள்

நீதிமன்ற மேசையில் மத்தியான வெயில் சாய்ந்து விழுகிறது. கண்ணாடிக் குழாய், உள்ளங்கையளவு தராசு, பக்கத்திலேயே இரண்டு ஸ்பூன்கள். ஒன்று போதைமருந்து வழக்கின் சான்றுப் பொருள். மற்றொன்று, சாப்பிட்ட கையோடு குமாஸ்தா அம்மாள் மறந்து வைத்தது. குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறாள். “வெறும் ஸ்பூன் குத்தமில்ல சார். எதுகூட இருந்துச்சு, எதுக்கு வச்சிருந்தாங்கன்னுதான் சட்டம் கேக்கும்.” சான்று ஸ்பூனைக் கைப்பற்றிய ஏட்டு சிரிக்கிறார். “இதுல என்னம்மா குழப்பம்? பாத்தாலே தெரியுதே!” யோசிக்காமல் ஒன்றை எடுத்து, சான்றுக்கான பிளாஸ்டிக் உறைக்குள் போடுகிறார். உள்ளே போனதும் அது திருட்டு முழி முழிக்கிறது. கூண்டில் நிற்பவன் எட்டிப் பார்க்கிறான். அவள் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள். ஸ்பூனின் காம்பில், அவள் மகள் காம்பஸ் முனையால் கீறிய பூ.