முப்பத்தெட்டு நத்தைகள்

முப்பத்தெட்டாவது நத்தையையும் வரைந்து முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. ஏசியைப் போடவில்லை. சத்தம் கேட்டால் காவலாளி மாடிக்கு வந்து பார்ப்பார்.

நத்தை பெரிதில்லை. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு சுருள், அதன் அடியில் ஒரு கோடு, கோட்டின் நுனியில் இரண்டு கொம்பு.

ஒவ்வொரு பக்கத்திலும், கடைசிக் கட்டத்தின் கீழ் மூலையில் ஒன்று.

அறுபது வருடத்துக்கு முன்பு இங்கிலாந்தில் பள்ளிச் சிறுமிகளுக்காக வாராவாரம் வந்த படக்கதை இதழ் அது. அதில் ஒரு தொடர். விடுதியில் வளரும் பெற்றோரில்லாத சிறுமி ஒருத்தி நீச்சல் போட்டிக்குத் தயாராகிறாள். வாரம் தவறாமல் கடைசிக் கட்டத்தில் யாராவது அவளை அழவைப்பார்கள். அடுத்த வாரமும் இதழ் விற்க வேண்டுமே.

இப்போது அதைப் புத்தகமாக மறுபடி கொண்டுவருகிறார்கள். பழைய பக்கங்களைச் சுத்தம் செய்யும் வேலை சென்னைக்கு வந்தது. அவளிடம் வந்தது.

சுத்தம் செய்வது இப்படி. பழுப்பேறிய தாளை ஸ்கேன் செய்தால் பழுப்பும் படமாகவே பதியும். முதலில் தாளை வெளுக்க வேண்டும். பிறகு, மறுபக்கத்து மை ஊறித் தெரிவதை நீக்க வேண்டும். கடைசியில் புள்ளி புள்ளியாக அழுக்கு. எது அழுக்கு, எது மழைத்துளி என்று கண்தான் சொல்ல வேண்டும்.

கண்ணுக்கு உதவியாக ஒரு விதி உண்டு. ஒரே மாதிரியான புள்ளி பக்கத்துக்குப் பக்கம் ஒரே இடத்தில் வந்தால், அது படம் இல்லை. அச்சு இயந்திரத்தின் கீறல்.

வந்தது.

முப்பத்தெட்டுப் பக்கத்திலும் அந்தப் புள்ளியை அழித்தாள். வேகமாக முடித்ததற்குப் பாராட்டி மின்னஞ்சல்கூட வந்தது.

ஒப்புதல் கிடைத்ததும் மூல ஸ்கேன்களையும் நீக்கினாள். அதுவும் விதிதான், கணினியில் இடம் போதாது. தாள்கள் அதற்கு முன்பே போய்விட்டன. ஸ்கேன் செய்வதற்காக இதழ்களின் முதுகை வெட்டிப் பிரித்தபோது அப்பளம்போல் நொறுங்கியவை. வேறு தொகுப்பு எங்கும் கிடைக்கவில்லை. பையன்களின் இதழ்களைச் சேர்த்து வைத்தவர்கள் உண்டு. சிறுமிகளின் இதழ்களைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்கள்.

பிறகுதான் அந்தக் கடிதம். வரைந்தவரின் மகள், எழுபத்து மூன்று வயதுக்காரர், பதிப்பகத்துக்கு எழுதியிருந்தார்.

அந்தக் காலத்தில் வரைபவர் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் அலுவலகத்தில் வெள்ளை மை பூசி மறைப்பார்கள். அம்மா நிதானமாக வரைபவர். ஆசிரியர் அவரை நத்தை என்றே கூப்பிடுவாராம். அதனால் பக்கத்துக்கு ஒரு நத்தையை ஒளித்து வைத்தார். அது இருந்தால், புத்தகத்தில் அம்மாவின் பெயரைப் போடுவீர்களா?

பதிப்பகத்திடம் வேறு எந்தப் பதிவும் இல்லை. நத்தை இருந்தால் பெயர் உண்டு என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் ஜெசிந்தா அவள் மேசைக்கு வந்தார். "ஏம்மா, எல்லாப் பக்கத்தையும் உத்து உத்துப் பாத்தவ நீதான். நத்தை எதுவும் கண்ணுல பட்டுச்சா?"

"திங்கக்கிழமை சொல்றேன் மேடம்."

அழித்தவளுக்கு அதன் உருவம் மறக்கவில்லை. நினைவில் இருந்த அந்த ஒன்றையே முப்பத்தெட்டு முறை வரைந்தாள்.

திங்கட்கிழமை சொன்னாள். "இருந்துச்சு மேடம். அழுக்குன்னு நெனச்சு எடுத்துட்டேன். இப்ப திரும்ப வெச்சுட்டேன்."

"பொழைச்சே போ. நத்தையைக் கொன்ன பாவம் நமக்கு எதுக்கு?"

ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தால், அவள் சொன்னதில் பொய் இல்லை.

புதன்கிழமை மகளின் பதில் வந்தது. ஜெசிந்தா அதைத் தமிழில் எல்லோருக்கும் சொல்லிக் காட்டினார்.

இது அம்மாவின் கைதான். எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவேன். இருபத்தாறாம் பக்கத்தில் மட்டும் நத்தை இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. அம்மா அப்படி வரைந்ததே இல்லை. அந்தப் பக்கம் வந்த இதழின் தேதியைப் பார்த்தேன். அப்பா எங்களை விட்டுப் போன வாரம் அது. அதைப் பற்றி அம்மா ஒரு நாளும் எங்களிடம் பேசியதில்லை. இப்போது பேசிவிட்டார்.

அந்தக் கட்டத்தில் வலப்பக்கம் ஒரு வாளி இருந்தது. நத்தை முட்டிக்கொள்ளுமே என்று அவள் திருப்பிப் போட்டிருந்தாள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். இதழ் கடைக்கு வருவதற்குப் பல வாரங்கள் முன்பே பக்கத்தை வரைந்து கொடுத்துவிடுவார்கள். அட்டையில் இருந்த தேதியில், அந்த அம்மாள் வேறு ஏதோ பக்கத்தை வரைந்துகொண்டிருந்திருப்பார்.

சொல்லிவிடலாம்.

சொன்னால் நத்தை போகும். நத்தையோடு பெயரும் போகும்.

"அந்த நத்தையை மட்டும் பெருசாக்கி அனுப்பச் சொல்றாங்க," என்றார் ஜெசிந்தா. "பிரேம் போட்டு கட்டிலுக்கு எதிர்ல மாட்டப் போறாங்களாம். படுத்துக்கிட்டே பாக்கணுமாம்."

கோப்பைத் திறந்தாள். பெரிதாக்கினாள்.

எள்ளளவில் தெரியாதது உள்ளங்கையளவில் தெரிந்தது. நிப்புப் பேனாவின் கோடு, அழுத்தும் இடத்தில் தடிக்கும்; தூக்கும் இடத்தில் மெலியும். மலிவான தாளில் மை விளிம்பு தாண்டிக் கொஞ்சம் கசியும். அவளுடைய கோடு தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே தடிமன். கம்பியை வளைத்து வைத்ததுபோல் இருந்தது.

டிஜிட்டல் பேனாவை எடுத்தாள்.

சுருளின் வயிற்றைத் தடிக்க வைத்தாள். கொம்புகளின் நுனியை மெலிய விட்டாள். விளிம்பில் மையைக் கசிய விட்டாள்.

கணவன் விட்டுப்போன வாரத்தில் ஒருத்தியின் கை நடுங்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் நடுங்க வைத்தாள்.